புல் பஞ்சமும் ஆள் பஞ்சமும்: உருளைக் கட்டின் கதை



அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். எங்கு பார்த்தாலும் பனி. நடுவில் ஆள் உயரத்துக்கு உருண்டையாக ஏதோ ஒன்று, அதைச் சுற்றி ஓர் இரும்பு வளையம். வளையத்தின் கம்பிகளுக்குள் தலையை விட்டு இருபது முப்பது மாடுகள் தின்றுகொண்டிருக்கின்றன. "சார், இங்கே ரோட்டோரம் எல்லா வயலிலும் இந்த உருண்டைதான் கிடக்கிறது. நம் ஊர் வைக்கோல் போர் மாதிரி இல்லையே, இது என்ன?" என்று கேட்டிருந்தாள்.

பதில் எழுத உட்கார்ந்தேன். அது ஒரு வரலாற்றுப் பாடமாகவே நீண்டுவிட்டது. எல்லாரும் படிக்கட்டுமே என்று இங்கே போடுகிறேன். நீளமான பதிவு, நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சொல் விளக்கம். அந்த உருண்டையில் இருப்பது வைக்கோல் அல்ல. வைக்கோல் என்பது நெல்லையோ கோதுமையையோ பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் தாள். அவர்கள் 'ஹே' என்று சொல்வது, மாட்டுக்கென்றே வளர்த்த புல்லைப் பச்சையாக இருக்கும்போதே அறுத்து, வெயிலில் காயவைத்து எடுப்பது. உலர்புல் என்று சொல்லலாம். நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். நல்ல உலர்புல்லில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். பூக்கும் பருவத்தில் அறுக்க வேண்டும். முற்றவிட்டால் அளவு கூடும், சத்து குறையும்.

எதற்காக இவ்வளவு பாடு? அங்கே குளிர்காலத்தில் புல் முளைக்காது. முளைத்து நின்ற புல்லும் பனிக்கு அடியில் போய்விடும். வட மாநிலங்களில் ஐந்து மாதம், சில இடங்களில் ஆறு மாதம் இந்த நிலைதான். கோடையில் வெயில் அடிக்கும் சில வாரங்களுக்குள் அந்த ஐந்து மாதத் தீனியையும் சேர்த்து வைத்தாக வேண்டும். வெயில் இருக்கும்போதே உலர்புல் செய்துகொள் என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு. நாம் அதையே 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்கிறோம். அவர்களுக்கு வெயில், நமக்குக் காற்று. இரண்டும் களத்தில் பிறந்த பழமொழிகள்தாம்.

இந்தப் பழமொழியைக் கேட்காமல் போனவர்களின் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

பெருஞ்சாவு

ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் உலர்புல் சேர்ப்பது பல நூற்றாண்டுப் பழக்கம். ஆனால் 1880-களில் மேற்கே மொன்டானா, வயோமிங், டகோட்டா சமவெளிகளில் மாடு வளர்க்கப் போனவர்கள் அது தேவையில்லை என்று நினைத்தார்கள். காட்டெருமைகள் லட்சக்கணக்கில் கொன்று ஒழிக்கப்பட்டிருந்தன. வேலி இல்லாத புல்வெளி எல்லையில்லாமல் கிடந்தது. ரயில் வந்துவிட்டது. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் இருந்த பணக்காரர்கள்கூட முதல் போட்டார்கள். மாட்டை அவிழ்த்து விட்டால் போதும், காட்டெருமை பிழைத்த இடத்தில் மாடு பிழைக்காதா என்பது கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு பிழை இருந்தது. காட்டெருமை தன் பெரிய தலையை இருபக்கமும் ஆட்டிப் பனியை விலக்கிவிட்டுக் கீழே உள்ள புல்லை மேயும். குதிரை குளம்பால் கிளறி மேயும். மாடு மூக்கால் தள்ளிப் பார்க்கும், அவ்வளவுதான். பனி இறுகிப்போனால் அதற்கு வழி தெரியாது.

1886 கோடையில் மழை பொய்த்தது. அளவுக்கு மீறி மாடுகளை விட்டிருந்ததால் இருந்த புல்லும் மொட்டையானது. நவம்பரிலேயே பனி கொட்டத் தொடங்கியது. இடையில் சிறிது உருகி, மறுபடி உறைந்தது. பனியின் மேல் கண்ணாடி போல ஐஸ் படிந்தது. 1887 ஜனவரியில் பெரும் பனிப்புயல். சில இடங்களில் குளிர் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே போனது. (செல்சியஸா, ஃபாரன்ஹீட்டா என்று கேட்பவர்களுக்கு: மைனஸ் 40-இல் இரண்டும் ஒன்றுதான். வகுப்பில் நடத்தியிருக்கிறேன், மறந்திருப்பீர்கள்.) ஐஸின் விளிம்பு பட்டு மாடுகளின் மூக்கும் காலும் கிழிந்தன. குடியிருப்புகளுக்குள் வந்து கிடைத்ததை எல்லாம் கடித்துப் பார்த்தன. வசந்தத்தில் பனி உருகியபோது பள்ளங்களிலும் ஆற்றோரங்களிலும் செத்த மாடுகள் குவியல் குவியலாகக் கிடந்தன. பல பண்ணைகளில் பாதிக்கு மேல் போயிற்று. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் டகோட்டாவில் மாடு வைத்திருந்தார். அவருடைய மந்தையிலும் பெரும்பகுதி அழிந்தது.

அந்தக் குளிர்காலத்துக்கு ஓர் ஓவியச் சாட்சியும் உண்டு. சார்லஸ் ரஸ்ஸல் என்று ஓர் இளைஞர் மொன்டானாவில் மாடு மேய்க்கும் வேலையில் இருந்தார். மந்தை எப்படி இருக்கிறது என்று நகரத்திலிருந்த முதலாளி கேட்டு எழுதினார். கடிதத்தோடு சேர்த்து அனுப்ப ரஸ்ஸல் ஒரு சிறு அட்டையில் படம் வரைந்தார். எலும்பும் தோலுமாக ஒரே ஒரு மாடு பனியில் தலை குனிந்து நிற்கிறது. ஓநாய்கள் சுற்றிக் காத்திருக்கின்றன. ஐயாயிரம் மாட்டில் மிஞ்சியது இதுதான் என்பது அதன் பொருள். அஞ்சலட்டை அளவு படம். அதுவே அவரைப் பெயர்பெற்ற ஓவியராக ஆக்கத் தொடங்கியது.

மொன்டானாவின் பெரிய பண்ணையாளர்களில் ஒருவரான கிரான்வில் ஸ்டூவர்ட், தீனியும் நிழலும் கொடுக்க முடியாத ஒரு மாட்டையும் இனி வைத்துக்கொள்ள மாட்டேன் என்ற கருத்தில் பின்னர் எழுதினார். எனக்கு மிகவும் பிடித்த வரலாற்றுப் பாடங்களில் இதுவும் ஒன்று. மாடு வைத்திருப்பது என்றால் மாட்டின் குளிர்காலத்துக்கும் பொறுப்பேற்பது. அதன் பிறகுதான் அந்தச் சமவெளிகளில் வேலி வந்தது, புல் அறுப்பு வந்தது, போர் வந்தது.

போர் போட்ட காலம்

அங்கேயும் முதலில் போர்தான், பிள்ளைகளே! நம் ஊர்ப் போரைப் போலவேதான். மொன்டானாவில் பிக் ஹோல் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. பத்தாயிரம் போர்களின் நாடு என்றே அதற்குப் பட்டப்பெயர். அங்கே 1908-இல் ஒரு மரச் சாதனத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். சாய்வாக நிறுத்திய பெரிய மரச் சறுக்குப்பலகை அது. அடியில் புல்லைக் குவித்து, கயிறும் கப்பியும் கட்டிக் குதிரைகளை இழுக்கவிட்டால் புல் சறுக்கின் மேலேறி உச்சியிலிருந்து மறுபக்கம் விழும். அங்கே ஆட்கள் நின்று மிதித்துப் பரப்புவார்கள். இப்படி 30 அடி உயரப் போர்கூடப் போட்டார்கள். அந்தச் சாதனத்துக்கு 'பீவர்ஸ்லைடு' என்று பெயர்.

குளிர்காலத்தில் குதிரை பூட்டிய சறுக்குவண்டியைப் போருக்குப் பக்கத்தில் ஓட்டிப்போய், நீண்ட முள்கருவியால் குத்தி வாரி ஏற்றி, மாடுகள் நிற்கும் இடத்துக்குப் போய்த் தள்ளிக்கொண்டே வருவார்கள். பனி பெய்தாலும் காற்று அடித்தாலும் ஒரு நாள் தவறக்கூடாது.

இதற்கெல்லாம் ஆள் வேண்டும். அறுக்க ஆள், வாரிச் சேர்க்க ஆள், குதிரை ஓட்ட ஆள், போர் மேல் நிற்க ஆள். அக்கம்பக்கத்துப் பண்ணையார்கள் முறைவைத்து ஒருவர் வயலுக்கு ஒருவர் உதவினார்கள். வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் சமைத்தார்கள். நம் ஊர் அறுப்புக் காலம் நினைவிருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1940-ஐ ஒட்டி அடுத்த மாற்றம் வந்தது. பென்சில்வேனியாவில் எட்வின் நோல்ட் என்ற விவசாயி உருவாக்கிய இயந்திரம், வயலில் ஓடிக்கொண்டே புல்லை எடுத்து, நீள்சதுரக் கட்டாக அழுத்தி, தானே கயிறு கட்டிக் கீழே போட்டது. நியூ ஹாலண்ட் நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. ஒரு கட்டு ஏறக்குறைய 25 கிலோ, ஒரு ஆள் தூக்கலாம். பெரிய வசதிதான். ஆனால் அந்த ஆள் எத்தனை தடவை தூக்க வேண்டும்?

வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பெரிய பசு நாளுக்குச் சுமார் 12 கிலோ உலர்புல் தின்னும். குளிர்காலம் 150 நாள் என்றால் 1,800 கிலோ. 30 பசுக்களுக்கு 54,000 கிலோ, அதாவது 54 டன். 25 கிலோ கட்டாகப் பிரித்தால் 2,160 கட்டு. வயலிலிருந்து வண்டிக்கு ஒரு தடவை, வண்டியிலிருந்து கொட்டகைப் பரணுக்கு ஒரு தடவை, குளிர்காலத்தில் பரணிலிருந்து கீழே ஒரு தடவை, மாட்டுக்கு முன்னே ஒரு தடவை. ஆக நான்கு தடவை. 54 டன் புல்லுக்கு மனிதன் தூக்கிய சுமை 216 டன்! முப்பது மாடு வைத்திருக்கும் சாதாரண விவசாயியின் ஒரு வருடக் கணக்கு இது.

தூக்க ஆள் இல்லாத காலம்

1900-இல் அமெரிக்காவில் வேலை செய்பவர்களில் நூற்றுக்கு 41 பேர் விவசாயத்தில் இருந்தார்கள். 1970-இல் அது 4 ஆகிவிட்டது. எழுபது ஆண்டுகளில் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. டிராக்டர் வந்தது ஒரு காரணம். தொழிற்சாலையில் கூலி கூடியது இன்னொரு காரணம். பிள்ளைகள் படித்துவிட்டுத் திரும்பி வராதது மூன்றாவது. மூன்றும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போயின.

இந்த இடத்தில்தான் உருளை வருகிறது. ஆனால் அந்த யோசனை அப்போது பிறந்ததில்லை. நெப்ராஸ்கா மாநிலத்தில் உம்மோ லூபென் என்ற விவசாயி புல்லைச் சுருட்டிக் கட்டும் இயந்திரத்தை உருவாக்கி 1910-இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். சுருட்டிய புல்லில் ஒரு நன்மை உண்டு. அடுக்கு மேல் அடுக்காகச் சுற்றியிருப்பதால் மழைநீர் கூரையில் வழிவது போல வெளியே வழிந்துவிடும். நல்ல யோசனை. ஆனால் அதற்குக் காலம் கனியவில்லை. அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் அந்த உரிமையை வாங்கி 1947-இல்தான் 'ரோட்டோ-பேலர்' என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த உருளைகள் சிறியவை, ஒரு ஆள் தூக்கக்கூடியவை. ஒவ்வொரு உருளைக்கும் கயிறு சுற்றும்போது டிராக்டரை நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டியிருந்தது.

1960-களின் நடுவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெஸ்லி புக்கலே என்ற பேராசிரியரும் அவரிடம் படித்த மாணவர்களும் வேறு மாதிரி யோசித்தார்கள். கட்டு மனிதன் தூக்கும் அளவில் ஏன் இருக்க வேண்டும்? டிராக்டர் தூக்கும் அளவில் இருந்தால் என்ன? இந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. அவர்கள் பெரிய உருளை கட்டும் இயந்திரத்தைச் செய்து காட்டினார்கள்.

அதே அயோவாவில் பெல்லா என்று ஒரு சிற்றூர். 1847-இல் நெதர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் உண்டாக்கியது. அங்கே கேரி வெர்மீர் என்ற விவசாயி 1948-இல் ஒரு சிறு தொழிற்சாலை தொடங்கியிருந்தார். மக்காச்சோள வண்டியைச் சாய்த்துக் கொட்டும் கருவிதான் அவருடைய முதல் சரக்கு. 1971-இல் மாடு வளர்க்கும் நண்பர் ஒருவர் அவரிடம் வந்து, புல் சேர்க்கும் வேலை தாங்க முடியவில்லை, மாடுகளை விட்டுவிடப் போகிறேன் என்று சொன்னார். வெர்மீர் யோசித்தார், படம் வரைந்தார். ஒரே ஆள் எல்லா வேலையையும் செய்யும்படி, ஒரு டன் எடை வரும் உருளை கட்டும் இயந்திரத்தை அந்த ஆண்டிலேயே செய்து ஓட்டிக் காட்டினார். அதுதான் பெரிய அளவில் விற்பனைக்கு வந்து உலகம் முழுவதும் பரவியது.

இயந்திரம் வேலை செய்யும் விதம் எளிது. கோரைப்பாயைச் சுருட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அறுத்துக் காய்ந்த புல்லை வயலில் நீள வரிசையாக வாரி வைத்திருப்பார்கள். டிராக்டரின் பின்னால் வரும் இயந்திரத்தின் கம்பிப் பற்கள் அந்த வரிசையை அள்ளி உள்ளே கொடுக்கும். உள்ளே ஓடும் ரப்பர் பட்டைகள் அதைப் பாய் போலச் சுருட்டிக்கொண்டே போகும். வேண்டிய அளவு பெருத்ததும் வெளியே கயிறோ வலையோ சுற்றப்படும். பின்கதவு திறக்கும், உருளை வயலில் உருண்டு விழும். பிறகு டிராக்டரின் முன்னால் பொருத்திய நீண்ட இரும்பு ஈட்டியால் குத்தித் தூக்கிக்கொண்டு போகலாம். இப்போதைய உருளைகள் பெரும்பாலும் 400 முதல் 700 கிலோ வரை இருக்கும்.

நம் கணக்குக்குத் திரும்புவோம். 54 டன்னை 600 கிலோ உருளையாகக் கட்டினால் 90 உருளை. 2,160 எங்கே, 90 எங்கே! 30 பசுக்களுக்கு ஒரு உருளை ஒன்றரை நாளுக்கு மேல் வரும். மனிதக் கை அதைத் தூக்குவதே இல்லை.

மாட்டை விட்டுவிட இருந்தவர்கள் பலர் விடாமல் இருந்ததற்கு இந்த உருளை ஒரு பெரிய காரணம். பகலில் வேறு வேலைக்குப் போய்விட்டு, மாலையில் வந்து ஒரு உருளையை வைத்துவிட்டால் மாடு பார்த்துக்கொள்ளும் என்ற நிலை வந்தது.

பனியில் தீனி வைக்கும் கலை

இயந்திரம் வந்ததால் அறிவு தேவையில்லை என்று ஆகிவிடவில்லை. சில விஷயங்கள் சொல்கிறேன்.

ஒன்று: ஈரம். சரியாகக் காயாத புல்லைச் சுருட்டினால் உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்து சூடேறும். சில சமயம் தானாகவே தீப்பிடித்துக் கொட்டகையே எரிந்துவிடும். அதனால் பெரிய உருளைக்கு ஈரம் நூற்றுக்கு 18-க்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஈர வைக்கோலைப் போரில் வைக்காதே என்று நம் பாட்டனார்கள் சொன்னதும் இதைத்தான்.

இரண்டு: வெளித்தோல். உருளையை வெளியில் மழையில் போட்டுவைத்தால் மேலே அரை அடி கெட்டுப்போகிறது என்று வையுங்கள். அரை அடிதானே என்று தோன்றும். 5 அடி விட்டமுள்ள உருளைக்கு ஆரம் 2.5 அடி. அரை அடி போனால் மிச்சம் 2 அடி. இரண்டையும் வகுத்தால் 0.8, அதன் வர்க்கம் 0.64. அதாவது நல்ல புல் நூற்றுக்கு 64 பங்குதான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த அரை அடித் தோலிலேயே போய்விட்டது! 'பை' எங்கே போனது என்று கேட்பவர் இருந்தால், மேலும் கீழும் அடிபட்டுப்போனது என்று பதில் சொல்லுங்கள்.

மூன்று: வளையம். உருளையை அப்படியே வைத்தால் மாடுகள் இழுத்துக் கொட்டும், மிதிக்கும், அதன் மேலேயே படுக்கும், சாணி போடும். அப்புறம் அதைத் தின்னாது. படத்தில் பார்த்த இரும்பு வளையம் அதற்காகத்தான். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் நான்கு வகைத் தீவனச் சட்டங்களை ஒப்பிட்டார்கள். கூம்பு வடிவச் சட்டத்தில் வீணானது நூற்றுக்கு 3.5 பங்கு. வளையத்தில் 6.1. வண்டி வகையில் 11.4. தொட்டில் வகையில் 14.6. மாடு தலையை உள்ளே வைத்துக்கொண்டே மென்றால் கீழே சிந்துவது உள்ளேயே சிந்தும், தலையை வெளியே எடுத்தால் வெளியே சிந்தும். விஷயம் அவ்வளவுதான்.

நான்கு: வலை. இப்போது உருளையின் மேல் பிளாஸ்டிக் வலை சுற்றுகிறார்கள். அதை வெட்டி எடுக்காமல் வைத்தால் மாடு புல்லோடு விழுங்கிவிடும். அது செரிக்காது, வயிற்றிலேயே சேர்ந்துகொண்டு போகும். கடும் குளிரில் வலை ஐஸோடு ஒட்டிக்கொள்ளும். விரல் மரத்துப்போகும் நேரத்தில் அதை உரித்தெடுப்பதுதான் இன்றைய பண்ணையாளரின் குளிர்கால வேலைகளில் சலிப்பானது.

ஐந்து: குளிருக்கு ஏற்ற அளவு. மாட்டின் வயிற்றில் முதல் பெரிய அறையில் புல் நொதிக்கும்போதே வெப்பம் பிறக்கிறது. உள்ளே ஓர் அடுப்பு எரிவது போல. மேல்முடி அடர்ந்து உலர்ந்திருந்தால் மாடு சுமார் மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் வரை சமாளிக்கும். நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே அதற்குக் குளிர் தாக்கத் தொடங்கும். அதற்கு மேல் குளிர் கூடக் கூடத் தீனியும் கூட வேண்டும். கடும் பனிக்கு முந்தின நாள் நல்ல பண்ணையாளர் கூடுதலாக ஒரு உருளை வைப்பது இதனால்தான்.

ஆறு: ஆபத்து. உருளை என்றால் உருளும். 2010 செப்டம்பரில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 600 கிலோ உருளை ஒன்று சரிவில் உருண்டு வந்து சாலையில் போன வேன் மேல் விழுந்தது. அதை ஓட்டிவந்தவர் 'எலக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா' இசைக்குழுவில் செல்லோ வாசித்த மைக் எட்வர்ட்ஸ். அவர் இறந்துபோனார். படம் எடுக்க உருளை மேல் ஏறி நிற்பவர்கள் கவனத்துக்கு!

கூட்டம் போன வயல்

வயலில் இப்போது ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். சூடேற்றிய டிராக்டர் அறைக்குள் உட்கார்ந்து, கண்ணாடி வழியே மாடுகளைப் பார்த்துக்கொண்டு போகிறார். முறைவைத்து வந்த அண்டை வீட்டார் இல்லை. பெரும் சமையல் இல்லை. போர் மேல் நின்று கத்திப் பேசிச் சிரித்தவர்கள் இல்லை. முதுகு ஒடிந்த வேலை போனது நல்லதுதான். கூடவே கூட்டமும் போய்விட்டது.

இயந்திரம் வந்துதான் ஆளை விரட்டியது என்று பலர் சொல்வார்கள். பல தொழில்களில் அது உண்மை. ஆனால் உருளைக் கட்டின் வரலாற்றைப் பார்த்தால் வரிசை வேறாக இருக்கிறது. சுருட்டும் யோசனை 1910-இல் இருந்தது. ஆள் இருந்தவரை அதைப் பெரிதாக யாரும் தேடவில்லை. ஆட்கள் ஊரைவிட்டுப் போய், மிச்சமிருந்தவரும் மாட்டை விட்டுவிடுகிறேன் என்று சொன்ன பிறகுதான் 1971 வந்தது. 1887-இல் புல் பஞ்சம் உலர்புல்லைக் கற்றுக்கொடுத்தது. 1971-இல் ஆள் பஞ்சம் உருளையைக் கற்றுக்கொடுத்தது.

இதை நான் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் நம் டெல்டாதான். இதே இயந்திரத்தின் சிறிய தம்பி இப்போது நம் வயல்களில் ஓடுகிறது, பார்த்திருப்பீர்கள். கடந்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் அறுவடை இயந்திரம் ஊருக்கு ஊர் வந்துவிட்டது. அது வைக்கோலை வயலிலேயே விட்டுவிட்டுப் போகிறது. அதை வாரிச் சேர்த்துப் போர் போட ஆள் கிடையாது. திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். அதில் பாதிப் பேர் நம் பள்ளியில் படித்தவர்கள். நீங்கள் போனதில் எனக்குக் குறையே இல்லை, போகத்தானே படிக்க வைத்தோம். ஆள் போன அந்த இடத்துக்குத்தான் கட்டு கட்டும் இயந்திரம் வந்தது. அங்கே டிராக்டர் தூக்கும் உருளை, இங்கே ஒரு ஆள் தூக்கும் உருளை. அது வராவிட்டால் வைக்கோலை வயலிலேயே கொளுத்தத்தான் வேண்டியிருக்கும். லாரியில் அடுக்கடுக்காகக் கேரளாவுக்குப் போவதும் இந்தக் கட்டுகள்தாம்.

ஒன்று மட்டும் அமெரிக்கக் கதையிலிருந்து வேறுபடுகிறது. அங்கே புல்லும் மாடும் பெரும்பாலும் ஒரே ஆளுக்குச் சொந்தம். இங்கே அப்படி இல்லை. எங்கள் ஊரில் அறுப்புக்குப் போனவர்கள் நெல் கூலியோடு கொஞ்சம் வைக்கோலும் தலைச்சுமையாக வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். நிலம் இல்லாத வீட்டிலும் ஒரு பசு இருந்ததற்கு அந்தச் சுமை ஒரு காரணம். இன்று வைக்கோல் எண்ணப்படுகிறது, விலை வைக்கப்படுகிறது, லாரி ஏறுகிறது. நிலம் உள்ளவருக்குக் கூடுதல் வருமானம். நிலம் இல்லாமல் ஒரு பசு வைத்திருக்கும் அம்மாளுக்கு அது கூடுதல் செலவு. எங்கள் தெருவிலேயே மாடு இருந்த கொட்டில்களில் இப்போது பைக் நிற்கிறது. பனி விழாத ஊரிலும் மாட்டுக்கு ஒரு குளிர்காலம் வரலாம் என்பதை இதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இயந்திரத்தைத் திட்டிப் பயனில்லை. அது வராமலிருந்தால் வைக்கோலும் கருகியிருக்கும். ஆனால் ஓர் ஊரில் எத்தனை கட்டு லாரி ஏறுகிறது, எத்தனை கட்டு ஊர் மாடுகளுக்கு நியாயமான விலையில் நிற்கிறது என்பதை ஊர்க்காரர்கள்தான் பேசி முடிவு செய்ய வேண்டும். பால் சொசைட்டியோ பஞ்சாயத்தோ அறுவடை நேரத்தில் மொத்தமாக வாங்கி அடுக்கிவைத்து, கோடையில் மாடு வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்தால் என்ன? உள்ளூரில் பொறுப்பில் இருக்கும் நம் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். யோசித்துப் பாருங்கள்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அப்பா, அம்மாவிடமோ தாத்தா, அப்பாயியிடமோ போனில் பேசும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: நம் வீட்டு வைக்கோல் போர் போட எத்தனை பேர் வந்தார்கள், யார் யார், போர் மேல் நின்றது யார், அன்றைக்கு வீட்டில் என்ன சமையல்? பதிலைக் கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை பார்க்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்